செம்பரம்பாக்கம் ஏரி நீ

நவம்பர் 4

கம்ப்யூட்டரில் சேமிக்க முடியாததால் இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். சாயங்காலத்திலிருந்து ‘சேமி’ பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சிவப்புப் பட்டைதான் வருகிறது: “சேமிக்க இயலவில்லை. சிறிது நேரம் கழித்து முயலவும்.”

எங்கள் நலச்சங்கத்துக்காகப் போடும் அட்டவணை இது. சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் ஏரிக் கணக்கு ஒரு பக்கம். எந்தத் தேதியில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று மக்கள் சொன்ன குறிப்பு இன்னொரு பக்கம். கிளவுடில் இயங்கும் ஒரு தரவுத் தயாரிப்புக் கருவியில் இரண்டையும் சுத்தம் செய்து இணைக்கிறேன். போன வருஷத்துத் தாள்கள் மாதவாரியாக அங்கேயே இருக்கின்றன. அப்போது சில மாதங்களுக்கு நீர்மட்டம் மட்டும் கிடைத்தது, சில மாதங்களுக்கு நீர்வரத்து மட்டும். இந்த மாதத் தாளில்தான் முதல்முறையாக இரண்டும் சேர்ந்து நிற்கின்றன.

செம்பரம்பாக்கத்தில் உபரிநீர் திறந்தால் காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை என்று எச்சரிக்கை வரும். 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது எங்கள் கீழ்வீடு முழுக்கப் போனது. அம்மாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினோம். அடுத்த முறை சில மணி நேரமாவது முன்னால் தெரிய வேண்டும். இந்த அட்டவணையில் எனக்கு வேறு நோக்கம் இல்லை.

நவம்பர் 5

வெளியேறி மறுபடி லாகின் செய்தேன். வேறு பிரவுசர், போன் ஹாட்ஸ்பாட். அதே பட்டை.

நவம்பர் 7

ராத்திரி முழுக்க மழை. தூக்கம் வராததால் ஒவ்வொரு காரணமாகக் கழித்துப் பார்த்தேன்.

சேமிப்பு தோற்பதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. லாகின் காலாவதியானால் சர்வர் 401 என்று பதில் சொல்லும். எழுத அனுமதி இல்லையென்றால் 403. அதே கோப்பை வேறொருவர் இதற்குள் மாற்றியிருந்தால் 409. அனுப்பியது அளவுக்கு மீறினால் 413. எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் எந்த எண் என்று பார்க்கலாம். எனக்கு வந்தது 500. உள்ளே ஏதோ முறிந்தது என்பதைத் தவிர அந்த எண் எதுவும் சொல்லாது.

முன்னோட்டத்தில் எல்லாம் சரியாகத் தெரிவதுதான் வேதனை. தேதிகள் ஒழுங்காக, எண்கள் எண்களாக, ஒரு கட்டம்கூடச் சிவக்காமல். ஆனால் முன்னோட்டம் என்பது கருவி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் மாதிரி வரிசைகள்தான். சேமிக்கும்போதுதான் மொத்தமும் பின்னால் இருக்கும் தரவுத்தளத்துக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரிவது ஓரிடம், உட்காரப்போவது வேறிடம்.

நவம்பர் 8

சங்கச் செயலாளர் போன் செய்தார். “என்னம்மா, ரெடியா? வாட்ஸ்அப்ல எல்லாரும் கேக்கறாங்க.” ஆகிவிடும் சார் என்றேன். வைத்ததும் ஆத்திரம் பொங்கியது. அரிசி மூட்டையை மேலே ஏற்றட்டுமா என்று அம்மா கேட்டதற்கும் எரிந்து விழுந்தேன். பிறகு நானே ஏற்றினேன்.

நவம்பர் 11

மழை விட்டிருந்தது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மதகு திறந்து மூடிய கை. தெருக் குறிப்புகளுக்காக அவரிடம் போனேன்.

பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு. அட்டையில் ஏரியின் பெயர் ஒரே ஒரு தடவை. உள்ளே ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்ட கட்டங்கள். தலைப்பில் ‘மட்.’, ‘வர.’, ‘திற.’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதன் கீழே நீல மசியில் எண்கள், சில இடங்களில் நீர்பட்டுப் பரவியவை.

“முழுசா எழுதலையா ஐயா?”

“கட்டம் பத்தாதும்மா. எது எதுன்னு தெரிஞ்சா போதும்.”

டீ வந்தது. ஏரி எத்தனை அடி என்றுதான் இந்த நாட்களில் எல்லாரும் கேட்கிறார்கள் என்றேன். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இந்த இரண்டு எண்ணும் குன்றத்தூரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர் தலையை ஆட்டினார்.

“அடிய மட்டும் கேட்டா ஆவாது. இருபது அடியில நாலு நாள் சும்மா நிக்கும். அதே இருபது அடியில வரத்து எகிறுச்சுன்னா விடியறதுக்குள்ள தொறந்தாவணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்மா.”

திரும்பும் வழியெல்லாம் அந்தக் குறுகிய கட்டங்களே கண்ணில் நின்றன.

நவம்பர் 12

தாளைப் பாதிப் பாதியாக வெட்டிச் சேமித்தேன். புழல் மட்டும்: சேமிக்கிறது. பூண்டி மட்டும்: சேமிக்கிறது. செம்பரம்பாக்கத்தில் மட்டம் தனியாக: ஆகிறது. வரத்து தனியாக: ஆகிறது. இரண்டும் சேர்ந்தால் 500.

வேலை வரலாற்றில் உள்ளடங்கிக் கிடந்த லாக்கைத் தோண்டினேன். அங்கே ஒரு வரி: “செம்பரம்பாக்கம் ஏரி நீ” என்ற நெடுவரிசை ஒன்றுக்கு மேற்பட்ட முறை உள்ளது.

நான் அப்படிப் பெயர் வைக்கவே இல்லை. வைத்தவை ‘செம்பரம்பாக்கம் ஏரி நீர்மட்டம்’, ‘செம்பரம்பாக்கம் ஏரி நீர்வரத்து’.

பிறகு கணக்குப் போட்டேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நெடுவரிசைப் பெயருக்கு 63 பைட்தான் இடம். மிஞ்சியதை அது வெட்டிவிடும். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் எழுத்துக்கு 3, அதன் மேல் ஏறும் புள்ளிக்கு 3, கொம்புக்கு 3. ‘செம்பரம்பாக்கம்’ மட்டுமே 45 பைட். முழுப் பெயர் 86. ‘நீ’ முடியும் இடத்தில் 62. அடுத்த ‘ர’வுக்கு இடமில்லை. ‘புழல் ஏரி நீர்மட்டம்’ 56, பூண்டி 59, அதனால் தப்பித்தன. ஊர்ப் பெயர் நீளமான ஏரி மாட்டிக்கொண்டது. இதையே ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 40 பைட்டைக்கூடத் தொட்டிருக்காது.

‘செம் மட்டம்’, ‘செம் வரத்து’ என்று மாற்றினேன். பச்சைப் பட்டை வந்தது. நள்ளிரவில் அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

நவம்பர் 13

சங்கக் குழுவில் போட்டாயிற்று. மட்டமும் வரத்தும் பக்கத்துப் பக்கத்தில்.

நவம்பர் 16

மக்கள் சொன்ன குறிப்பில் கோவூர் இரண்டு வரியாக வருகிறது. பார்க்க ஒன்றே. ஒன்றில் ‘ோ’ ஒரே குறியீடாகவும் மற்றதில் இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் பதிந்திருக்கிறது. யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. கருவி பைட்டைப் பார்த்து வேறு வேறு ஊர் என்கிறது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றியதும் சரியானது. சோமங்கலம், போரூர், கொளப்பாக்கம் எல்லாம் பார்க்க வேண்டும்.

நவம்பர் 20

இன்று போன வருஷத்துத் தாள்களைத் திறந்தேன். மனம் கலங்கிவிட்டது.

அவை எந்தப் பிழையும் காட்டாமல் சேமிக்கப்பட்டவை. ஒரு மாதத் தாளில் ஒரே நெடுவரிசை இருந்ததால் மோதலே வரவில்லை. ஆனால் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ‘செம்பரம்பாக்கம் ஏரி நீ’. மட்டமா, வரத்தா? மழை மாதங்களில் எண்ணே காட்டிக்கொடுக்கிறது; ஆயிரங்களில் இருந்தால் அது வரத்து. கோடை மாதங்களில் 12, 14, 11 என்று இருக்கிறது. அடியாகவும் இருக்கலாம், கன அடியாகவும் இருக்கலாம். மூலக் கோப்புகள் இருந்த சங்கத்துக் கம்ப்யூட்டர் மே மாதமே செயலிழந்துவிட்டது.

சிவப்புப் பட்டையின் மேல் இத்தனை நாள் கோபப்பட்டேன். அது வந்ததால்தான் தெரிந்தது. பச்சைப் பட்டையோடு உள்ளே போனவற்றை யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 21

உதவி மையத்துக்கு எழுதினேன்: பெயரை வெட்டுவதானால், வெட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள். தமிழில், தெலுங்கில், இந்தியில் பெயர் வைப்பவர்களுக்கு இடம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்பதைத் திரையிலேயே காட்டுங்கள்.

நவம்பர் 25

பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. பெரியவரிடம் போன வருஷத்து நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பணியில் இல்லாவிட்டாலும் பேப்பர் பார்த்துக் குறித்து வருகிறாராம். ஆனால் அது ஸ்ரீபெரும்புதூரில் மகள் வீட்டில் இருக்கிறது. மழை நின்றதும் எடுத்துவருவதாகச் சொன்னார். அதுவரை ஏப்ரல், மே, ஜூன் தாள்களை அட்டவணையில் சேர்க்கப்போவதில்லை. சேர்த்தால்தான் அட்டவணை முழுமையாகும் என்கிறார் செயலாளர். இன்னும் பதில் சொல்லவில்லை.