கடல் மட்டமும் நம் கிணறும்



திண்டுக்கல் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது அந்த மஞ்சள் பலகையின் அடியைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து நம் ஊர் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஆனாலும் நம் உயரம் கடலிலிருந்துதான் கணக்கு.

ஒரு நொடி சும்மா நிற்காத கடலுக்கு மட்டம் ஏது? பிரிட்டிஷ் காலத்தில் இந்திய நில அளவைத் துறை நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களில் அதைக் கண்டுபிடித்தது. கரையோரம் கிணறுபோல ஒரு குழாய், அடியில் சின்னத் துளை, உள்ளே ஒரு மிதவை. துளை சிறிது என்பதால் அலையின் துள்ளல் உள்ளே வராது. ஓதம் ஏறுவதும் வற்றுவதும் மட்டும் பதிவாகும். நிலவின் பாதை ஒரு சுழற்சியை முடிக்க 18.6 ஆண்டு ஆவதால், ஏறத்தாழ 19 ஆண்டுப் பதிவு இருந்தால்தான் சராசரி முழுமையாகும். மும்பை அப்போலோ பந்தரில் 1878 முதல் பதிவு இருக்கிறது. ஒரு தலைமுறை தொடங்கியதை அடுத்தடுத்த தலைமுறைகள் விடாமல் எழுதின. அந்தப் பொறுமையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கரைக்கருவிக்கு ஒரு குறை உண்டு. நிலம் தாழ்ந்தாலும் கடல் ஏறியதாகவே அது காட்டும். 1992-ல் ஏவிய டோபெக்ஸ்-போசைடன் செயற்கைக்கோள் 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு கடலை அளந்தது. அதன் வாரிசுகள் இன்றும் அளக்கின்றன. கரைக்கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006-க்குப் பின் 3.7 ஆகிவிட்டது. 1971-க்குப் பிந்தைய உயர்வில் பாதி, சூடான கடல்நீர் விரிவதால் வந்தது. மீதியில் பெரும்பங்கு பனி உருகுவதால்.

எஞ்சிய சிறு பங்கில் நாமும் இருக்கிறோம். கமலை கட்டி இறைத்த தோட்டங்களில் இன்று ஆயிரம் அடிக்குப் போர் இறக்குகிறோம். மழை திரும்ப நிரப்பாத அளவுக்கு உறிஞ்சிய நிலத்தடி நீர் ஆவியாகி, மழையாகி, ஆறாகிக் கடைசியில் கடலில்தான் சேர்கிறது. உலகெங்கும் இப்படி இறைத்த நீரும் கடல் மட்டக் கணக்கில் வருகிறது. 2002 முதல் கிரேஸ் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு மாற்றத்தைக் கொண்டு இந்த இழப்பை எடைபோட்டன.

அளக்காமல் பேசாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல். அதைக் கடல் மட்ட உயர்வின் கணக்கில் எழுதினால், உண்மையான உயர்வையும் ஊர் நம்பாது.

உங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாதம் ஒருநாள், மோட்டார் போடுவதற்கு முன், விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.