ரெண்டாவது டீம் யாருக்கு வேணும்?

நான் எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமின் ரெண்டாவது கோல்கீப்பர். அந்தப் பதவி எப்படிப்பட்டது என்று விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். ஃபார்வர்டாக இருந்தால் கடைசி 10 நிமிஷமாவது இறக்கிவிடுவார்கள். கீப்பரை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள். முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், இல்லை என்றால் அன்றைக்குப் பார்த்து அவனுக்கு அரியர் எக்ஸாம் வர வேண்டும். ரெண்டு வருஷத்தில் நான் ஆடிய 11 மேட்சில் 10 மேட்ச் 'பி' டீமுக்குத்தான்.

போன மாதம் பி.டி. சார் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் 'பி' டீம் இல்லப்பா. பஸ்ஸுக்கே பட்ஜெட் பத்தல." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் ஃபுட்பால் மேனேஜர் ஆடுவேன். எல்லாரும் பெரிய டீமாக எடுப்பார்கள். நான் இங்கிலாந்தின் 6-ஆவது அடுக்கில் ஒரு குட்டி டீமை எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே பெரிய தலைவலி, பென்ச்சில் இருப்பவர்களுக்கு மேட்ச் கிடைக்காமல் ஷார்ப்னஸ் இறங்கிக்கொண்டே போவது. ரிசர்வ் டீமுக்கென்று லீகே இருக்காது. நாமே ஃப்ரெண்ட்லி போட்டால்தான் உண்டு. இது கேமில் மட்டும்தானா, நிஜத்திலுமா என்று தேடப் போய், விடிய விடியப் படித்தேன். நிஜத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இங்கிலாந்தில் பிரீமியர் லீகில் 20 கிளப், அதற்குக் கீழே மூன்று டிவிஷனில் 72 கிளப். இந்த 92-க்குக் கீழே இருக்கும் மொத்த உலகத்துக்கும் பேர் நான்-லீக். ('நான்' ஆடும் லீக் என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் ஜோக் அடித்தேன்.) அதில் மேல் மட்டத்தில் சில கிளப்புகள் முழுநேரம் நடக்கின்றன. கீழே போகப் போக ஆடுகிறவர்கள் எல்லாம் பகல் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள். வாரத்தில் ரெண்டு சாயங்காலம் பிராக்டிஸ், சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மேட்ச்.

இந்தக் கிளப்புகளுக்கும் ரிசர்வ் டீம் உண்டு. முதல் டீம் வெளியூரில் ஆடும் சனிக்கிழமை, ரிசர்வ் டீம் சொந்த கிரவுண்டில் ஆடும். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டு ஆட்கள். அடிபட்டு மீண்டு வருகிறவர், 18 வயது முடிந்து இன்னும் முதல் டீமுக்குத் தேறாதவர், வயதாகியும் விட மனசில்லாதவர், என்னை மாதிரி ரெண்டாவது கீப்பர் என எல்லாருக்கும் அதுதான் இடம்.

சிக்கல் சனிக்கிழமை காலையில் ஆரம்பிக்கும். முதல் டீமில் ரெண்டு பேர் வரவில்லை என்றால் மேனேஜர் ரிசர்வில் இருந்து ரெண்டு பேரைத் தூக்குவார். ரிசர்வ் மேனேஜர் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். போதுமான ஆள் சேரவில்லை என்றால் மேட்ச் கேன்சல். லீகுக்கு அபராதம் வேறு கட்ட வேண்டும். இப்படி நாலு தடவை ஆனால் சீசன் நடுவிலேயே டீமை வாபஸ் வாங்கிவிடுவார்கள். அதுவரை அவர்களோடு ஆடிய மேட்ச் ரிசல்ட்டும் டேபிளில் இருந்து போய்விடும். எதிர் டீமுக்கும் அலுத்துப்போகும். ரெஃப்ரி சம்பளம், ஃப்ளட்லைட் கரண்ட், ஜெர்சி துவைக்கும் செலவு எல்லாம் அப்படியே இருக்கும், டிக்கெட் வருமானம் மட்டும் இருக்காது. கமிட்டி உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் முதலில் வெட்டுவது இதைத்தான். எங்கள் பி.டி. சாரும் அதைத்தானே செய்தார்!

பதிலுக்கு அங்கே பல கிளப்புகள் பிடித்துக்கொண்ட வழி, வயசுக் கணக்கு. 16 முதல் 18 வயது வரை படிப்போடு சேர்த்து அகாடமி நடத்தினால் கல்விக்கான நிதி வரும், செலவு சமாளிக்கலாம். பெரிய கிளப்புகளும் ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 1911-இல் தொடங்கிய சென்ட்ரல் லீக் மாதிரி பழைய ரிசர்வ் லீகுகளில் வயது பார்க்க மாட்டார்கள். பிரீமியர் லீக் கிளப்புகளின் ரிசர்வ் லீக் 2012-இல் மூடப்பட்டு, 21 வயதுக்குட்பட்டவர்களுக்கான லீகாக மாறியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 19 வயதுக்காரன் எங்கே போவான்?

இங்கேதான் ஜேமி வார்டி வருகிறார். 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் அவரை வேண்டாம் என்று அனுப்பியது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற நான்-லீக் கிளப்பில் சேர்ந்தார். முதல் டீமுக்கு வந்தது 2007-இல், 20 வயதில். வாரத்துக்கு 30 பவுண்டு சம்பளம், பகலில் ஃபேக்டரி வேலை. 2012-இல் லெஸ்டர் சிட்டி அவரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2016-இல் பிரீமியர் லீக் சாம்பியன். இந்தக் கதையை எல்லாரும் 2012-இல் இருந்துதான் சொல்வார்கள். எனக்கு முக்கியம் 16-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கும் நாலு வருஷம். அந்தக் காலத்தில்தான் அவர் அதே கிளப்பின் இளைஞர் டீமிலும் ரிசர்வ் டீமிலும் ஆடினார். அந்த ரிசர்வ் டீமை எந்தக் கமிட்டியாவது "செலவு" என்று வெட்டியிருந்தால்?

இன்னொரு வேடிக்கை. மேலே இருக்கிறவர்கள் தங்கள் பசங்களுக்கு மேட்ச் வேண்டும் என்று கீழே இறங்கி வருகிறார்கள். 2014-இல் பெரிய கிளப்புகளின் 'பி' டீம்களை லீகுக்குள்ளேயே சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கீழ் மட்ட ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், கைவிடப்பட்டது. 2024-25 சீசனில் நேஷனல் லீக் கப் என்று தொடங்கி, பிரீமியர் லீக் கிளப்புகளின் 21 வயதுக்குட்பட்ட டீம்கள் நான்-லீக் கிளப்புகளோடு மோதின. ஆக, பணம் இருக்கிறவர்களின் ரெண்டாவது டீமுக்கு மேட்ச் கிடைக்கிறது. இல்லாதவர்களின் ரெண்டாவது டீம் கரைந்துகொண்டிருக்கிறது.

இதற்கு எதிர்காலம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பழைய மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை ஆள் இல்லை என்றால் வார நாள் ராத்திரி செயற்கைப் புல் கிரவுண்டில் ஆடலாம். தூரம் போகாமல் பக்கத்து ஊர் ஆறு டீம் போதும். எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றி மாற்றி இறக்கலாம். அல்லது ரிசர்வ் டீமை கவுன்டி லீகில் சாதாரண டீமாகவே சேர்க்கலாம். மேலே போக ஒரு எல்லை இருந்தாலும், ஜெயித்தால் டிவிஷன் மாறலாம் என்ற ஆசையாவது இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது: வயது வரம்பு. லேட்டாகத் தேறுகிறவனுக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான் அந்த டீமின் ஒரே வேலை.

இதை எல்லாம் எங்கள் கேப்டனிடம் மெஸ்ஸில் கொட்டினேன். "சரிடா, இங்கிலாந்தை விடு. நம்ம என்ன பண்ணலாம்?" என்றான். பக்கத்தில் டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் மூன்று காலேஜ் இருக்கிறது. விசாரித்தால் அங்கேயும் 'பி' டீம் இல்லை, ஆனால் ஆட ஆள் இருக்கிறார்கள். புதன்கிழமை லேப் முடிந்து 4.30-க்கு மேட்ச். ஜெர்சி பழசு, விசில் ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர் ஊதுவார். பி.டி. சாரிடம் போய் நின்றோம். ஒரு நிமிஷம் எங்களையே பார்த்தார். "அடிபட்டுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது. கிரவுண்டு சாவியை ஆபீஸ்ல வாங்கிக்கோங்க."

அடுத்த புதன் முதல் மேட்ச். எந்த டிபார்ட்மென்ட், எந்த வருஷமாக இருந்தாலும் வரலாம். கீப்பர் இடம் மட்டும் காலி இல்லை.