உப்புக் காற்றும் ஒரு பழைய ரேடியோவும்

எங்கள் மரக்காணத்தில் உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. சைக்கிள் சங்கிலி, ஜன்னல் கம்பி, தையல் இயந்திரம் எல்லாம் அதற்கு இரைதான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை இழுத்துக் கசியும் என்று வேதியியல் வகுப்பில் படித்தபோது, இதை எங்கள் வீட்டுச் சுவர்களே சொல்லுமே என்று சிரித்துக்கொண்டோம்.

அந்த உப்புதான் எங்களுள் ஒருத்தியின் தாத்தாவுடைய ரேடியோவையும் தின்றது. தாத்தா நாற்பது ஆண்டு உப்பளத்தில் வாரியவர். பாத்திக் கரைக் கொட்டகையில் அந்த ரேடியோ பாடிக்கொண்டே இருக்குமாம். அப்போது இக்கடற்கரையெங்கும் இலங்கை வானொலிதான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களைச் சொந்தக்காரர்கள்போல் சொல்லுவார். இப்போது அவருக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. ரேடியோவின் உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துவிட்டது. பழுது பார்க்க ஆள் இல்லை. கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால், “பாட்டு இருக்குது. ரேடியோ எங்க?” என்று திருப்பித் தந்துவிடுவார். அதன்பின் அன்று முழுவதும் பேசமாட்டார். அதுதான் எங்களை உறுத்தியது.

ஆகவே பதினோராம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் நால்வரும் கணினியையே ரேடியோ ஆக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா ஒருத்தி பெற்ற கணினி பரணில் கிடந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘போஸ்’ லினக்ஸ் அதில் இருந்தது. அது மிகவும் பழையதாகிவிட்டதால், கணினி ஆசிரியையின் துணையோடு அதற்கு மூலமான டெபியனை ஏற்றினோம். பிறகு ‘ஆடேஷியஸ்’ என்னும் பாடல் இயக்கியை ஒரே வரிக் கட்டளையில் நிறுவினோம். இதற்கொரு வம்சாவளி உண்டு. 1997இல் அமெரிக்காவில் வந்த ‘வினாம்ப்’பின் சாயலில் லினக்ஸுக்கு ‘எக்ஸ்.எம்.எம்.எஸ்.’ வந்தது. அதன் வழியில் ‘பீப்’, ‘பீப்’பின் கிளை இது. வினாம்ப்பின் பழைய முகத்தையே இன்றும் மாட்டிக்கொள்ளும். தாத்தாவுக்கு முகம் தெரியப்போவதில்லை. எங்களுக்குத்தான் அந்த ஆசை!

“பாட்டுகள் யாருடையவை?” என்பதே சிஸ்டரின் முதற் கேள்வி. மாமா விலை கொடுத்து வாங்கிய குறுந்தகடுகள் என்றதும் தலையசைத்தார்.

இனி ஒலி. மத்திய அலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் வந்து சேருவதில்லை. சின்ன ஒலிபெருக்கியோ அடித்தொனியை எழுப்பாது. மிஞ்சுவது நடுவிலுள்ள குரல் மட்டுமே. ரேடியோவின் ரகசியம் இவ்வளவுதான் என்பது எங்களுக்கே வியப்பாயிருந்தது. ஆடேஷியஸில் பத்துப் பட்டை ஈக்வலைசர் உண்டு. 31, 63, 125 ஹெர்ட்ஸ் பட்டைகளைத் தாழ்த்தினோம். 8,000, 16,000 பட்டைகளை அடிமட்டத்துக்கே இறக்கினோம். 1,000, 2,000 பட்டைகளைச் சற்றே உயர்த்தி, உயர்த்திய அளவுக்கு மொத்த ஒலியைக் குறைத்தோம். இல்லாவிட்டால் ஒலி உடைந்து பிளிறும். இரு காதுக்கும் தனித்தனியே வரும் ஒலியை ஒன்றாக்கி, ஒரே ஒலிபெருக்கியில் கொடுத்தோம்.

‘பாசமலர்’ (1961) பாட்டொன்றைப் போட்டோம். தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்டார். “கிட்ட வந்துடுச்சி. கரகரப்புதான் இல்ல” என்றார்.

கரகரப்புக்கும் வழி உண்டு. லாட்ஸ்பா என்ற வகைத் துணை நிரல்களில் ஒன்று இசைத்தட்டின் தேய்வையும் கீறலையும் உண்டாக்கும். இசைத்தட்டின் ஆண்டைக்கூட நாமே குறிக்கலாம்! பெருமையோடு அதைச் சேர்த்தோம். தாத்தா உடனே கையை ஆட்டினார். “இது ரெக்கார்டு தேயற சத்தம், கண்ணுங்களா. ரேடியோ சத்தம் வேற. அது கடல் மாதிரி ஏறி எறங்கும்.” கண் இழந்தவரின் காதை ஏய்க்க முடியுமா? அந்த நிரலை எடுத்துவிட்டு, மழை இரைச்சல் போன்ற ஓர் ஒலிப்பதிவை மெல்லிதாகப் பாட்டுகளோடு கலந்தோம். அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

கணினியை உப்புக் காற்றில் வைக்க முடியாது. இறுக மூடும் பிஸ்கட் தகர டப்பாவில், சிலிக்கா பொட்டலங்களோடு இருக்கிறது. மாலையில் மட்டும் வெளியே வரும்.

ஒரு குறை நின்றது: அறிவிப்பாளர் குரல். ஒருநாள் மாலை, பாட்டுத் தொடங்குமுன் தாத்தாவே தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடியவர்கள் என்று இலங்கை வானொலி பாணியில் சொல்லத் தொடங்கினார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் கைப்பேசியில் பதிவு செய்தோம். பிறகு அவரிடம் சொல்லி அனுமதியும் வாங்கினோம். இதுவரை பதினேழு பாட்டுகளுக்கு முன் அவர் குரலைச் சேர்த்தாயிற்று. மீதியை மழைக்காலத்தில், உப்பளம் ஓய்ந்திருக்கும்போது முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.