ஓராசிரியர் பள்ளியும் முன்சக்கர வண்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கார் வாங்கத் துடிக்கும் இளவட்டம் யாராவது இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்போதெல்லாம் கார் பற்றிப் பேசும் பிள்ளைகள் முதலில் கேட்பது "எத்தனை பிஎச்பி?" என்றுதான். அடுத்தது "நூறு வேகத்துக்கு எத்தனை செகண்டு?" அந்தக் குதிரைத்திறன் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது, எந்த கியர்பாக்ஸ் வழியாகப் போகிறது என்று கேட்பவர் குறைவு. எஞ்சினில் பிறக்கும் சக்தி தரையைத் தொடும் இடம், உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் துண்டுகள்தான். கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

"ஆசிரியர் பயிற்சி முடித்த வாத்தியாருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். என் சித்தப்பா புதுக்கோட்டையில் அம்பாசிடர் வாடகைக்கு ஓட்டினார். விடுமுறை நாட்களில் வண்டிக்கு அடியில் படுத்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். பிறகு நடுநிலைப் பள்ளியில் விசை, உராய்வு, நெம்புகோல் நடத்தும்போதெல்லாம் அந்த வண்டிதான் என் கரும்பலகை.

அம்பாசிடரில் எஞ்சின் முன்னால், இழுப்பு பின்னால். கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீள ஷாஃப்ட் வண்டிக்கு அடியில் ஓடி, பின்னால் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பினியனைச் சுற்றும். ஹேண்ட் கியர் என்பதால் ஸ்டீயரிங் பக்கத்தில் தண்டு. முன் சீட் ஒரே நீள பெஞ்சு. கல்யாணத்துக்குப் போகும்போது டிரைவரோடு சேர்த்து முன்னால் நான்கு பேர் உட்காருவார்கள். 1489 சிசி எஞ்சினில் 50 சொச்சம் குதிரைத்திறன்தான். பின்சக்கரம் வழுக்கி வால் வீசும் அளவுக்கு அதில் சக்தியே கிடையாது. அதனால் யாரும் பயந்ததில்லை.

நம் சென்னையிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. ஹெரால்டு, கெசல் கார்கள் செய்தவர்கள். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய காரை இறக்கினார்கள். அதன் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காருடையது. அந்த ரோவர் 1976-ல் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சினோடு வந்து, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பெயர் வாங்கியது. நம்மூருக்கு வந்தபோது உள்ளே வைத்தது பழைய வான்கார்டு வழிவந்த 1991 சிசி எஞ்சின். பார்வைக்குப் புலி, ஓட்டத்தில் அதற்கேற்ற பாய்ச்சல் இல்லை. விலையோ அதிகம். 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. எஞ்சின், கியர், சக்கரம், சாலை எல்லாவற்றுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பே, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தையே இழுக்க வைத்த வண்டி. நீள ஷாஃப்ட் வேண்டாம், பின்னால் கனமான ஹவுசிங் வேண்டாம். எடை குறைவு, உள்ளே இடம் அதிகம். எஞ்சினின் பாரம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே அழுத்துவதால் ஈரத் தரையில் கிளம்புவதும் சுலபம். இன்று நம் தெருவில் நிற்கும் பெரும்பாலான கார்கள் இந்த வகைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் காலத்து ஓராசிரியர் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆசிரியர் பாடம் நடத்துவார், வருகைப் பதிவேடு எழுதுவார், மணி அடிப்பார், சத்துணவையும் மேற்பார்வை பார்ப்பார். இருபது பிள்ளைகள் என்றால் சமாளிப்பார். எண்பது பிள்ளைகளைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போகும். முன்சக்கர வண்டியில் முன் டயர் அந்த ஆசிரியர் மாதிரி. எஞ்சினைச் சுமக்கிறது, இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும்பங்கு அதுதான். பின்சக்கர வண்டியில் வேலை இரண்டாகப் பிரிகிறது. முன் டயர் திருப்பும், பின் டயர் தள்ளும். வேகமாகக் கிளம்பும்போது பாரமும் பின்பக்கம் சாய்வதால் தள்ளும் டயருக்குப் பிடிப்பு கூடும். சக்தி மிகுந்த கார்கள் பலவற்றில் பின்சக்கர இழுப்பு இருப்பதற்கு இது முக்கியமான காரணம். ஆனால் ஈரத்தில் பின்டயர் நழுவினால் வண்டியின் வால் சுழலும். பழகாத கைக்கு அதை நேராக்குவது கடினம்.

இதையெல்லாம் நான் தூசி தட்டியதற்குக் காரணம் என் தங்கை மகன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வெர்னா டர்போ வாங்கப் போவதாகச் சொன்னான். அந்தக் கார் இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகிறது. ஒன்றரை லிட்டர் டர்போ, 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, முன்சக்கர இழுப்பு. ஆறு கியர் மேனுவலும் உண்டு, ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. என் தங்கைக்குத் தூக்கமே போய்விட்டது. "அண்ணே, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு மாசம் ரெண்டு தடவ ராத்திரில வர்றான். அவனுக்கு எதுக்குண்ணே இவ்வளவு வேகம்? நீ சொன்னாத்தான் கேப்பான்" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "மாப்ளே, பேப்பரும் பேனாவும் எடு" என்றேன்.

ஆள் ஏறிய வண்டியின் எடை 1,300 கிலோ, அதில் 60 சதவீதம் முன்சக்கரத்தில் என்று வைத்துக்கொண்டோம். 780 கிலோ. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு அதில் சுமார் 0.9 பங்கு, அதாவது 702 கிலோ அளவு விசை. நனைந்த சாலையில் 0.5 பங்கு என்றால் 390 கிலோதான். இனி எஞ்சின் தருவதைப் பார்ப்போம். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து முறுக்குவிசையைச் சுமார் 14 மடங்காக்கும் என்று கொண்டால் 253 × 14 = 3,542. சக்கரத்தின் ஆரம் 0.31 மீட்டரால் வகுத்து, கிலோவாக மாற்றினால் 1,160-க்கு மேல். பிடிப்போ 702! முதல் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் காய்ந்த சாலையிலேயே சக்கரம் வெறுமனே சுற்றத்தான் செய்யும்.

மூன்றாவது கியரில் சுமார் ஐந்தரை மடங்கு. கணக்குப் போட்டால் 458 கிலோ. மழைச் சாலையின் பிடிப்பு 390. அதாவது 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் போகும்போது ஓங்கி மிதித்தாலும் முன்சக்கரம் வழுக்கும். திருப்பத்தில் அப்படி ஆனால் ஸ்டீயரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். இதைத் தடுக்கத்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்தியை வெட்டுகிறது. காசு கொடுத்து வாங்கிய 160 குதிரையில் பாதியை மழையன்று கம்ப்யூட்டரே கட்டிப்போட்டுவிடும்.

"அப்ப நாலு வீலும் இழுக்கணும் மாமா. பிஎம்டபிள்யூ மாதிரி" என்றான். சரிதான். 2007 முதல் சென்னைக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் அவர்கள் கார்களைப் பூட்டி முடிக்கிறார்கள். 2021-ல் அங்கிருந்து எம்340ஐ வந்தது. 387 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுப்பு, எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நூறு வேகத்துக்கு 4.4 நொடி. அதில் மேனுவல் கியரே கிடையாது. இழுக்கும் வேலையை நான்கு டயருக்கும் பங்கு போடுவதால்தான் அவ்வளவு சக்தி தரையில் இறங்குகிறது. எல்லா வகுப்புக்கும் ஆசிரியர் உள்ள பள்ளி அது!

ஆனால் அடுத்த கணக்கையும் போடச் சொன்னேன். நூறு வேகத்தில் போகும் வண்டி நனைந்த சாலையில் நிற்க எவ்வளவு தூரம்? வேகத்தின் வர்க்கத்தை, இரண்டு × பிடிப்பு × புவியீர்ப்பால் வகுக்க வேண்டும். 79 மீட்டர் வந்தது. கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் 28 மீட்டர். மொத்தம் 107. "இந்தச் சூத்திரத்துல முன்சக்கர இழுப்பு, பின்சக்கர இழுப்பு, நாலு சக்கர இழுப்பு எங்கடா வருது?" என்று கேட்டேன். பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. நான்கு சக்கர இழுப்பு கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. நன்றாகக் கிளம்புகிறதே என்று ஈரத்தை மறந்து வேகம் எடுப்பதுதான் அதில் உள்ள ஆபத்து. கீரனூர் தாண்டி இருட்டில் மாடு குறுக்கே நிற்கும்போது நம்மிடம் இருப்பது அந்த 107 மீட்டர் கணக்கு மட்டும்தான்.

பிறகு கியர்பாக்ஸ். அவனுக்கு மேனுவல்தான் ஆசை. "கையில கியர் போட்டாத்தான் மாமா வண்டி ஓட்டுன மாதிரி இருக்கும்." எனக்கும் அந்த ருசி தெரியும். டூயல் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டான். ஈராசிரியர் பள்ளிதான். ஒருவருக்கு 1, 3, 5, 7-ம் வகுப்பு, இன்னொருவருக்கு 2, 4, 6. ஒருவர் பாடம் நடத்தும்போதே மற்றவர் அடுத்த வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பார். மணி அடித்ததும் நொடியில் மாறிக்கொள்வார்கள். இடையில் இழுப்பு அறுபடாது. ஆனால் எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச் என்றால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடேறும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது, பிரேக்கைத்தான் பிடிக்க வேண்டும்.

இதுவரை பேசாமல் இருந்த அவன் மனைவி, எனக்கு மகள் முறை, "பெரியப்பா, எனக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்ட வரும். மேனுவல் வாங்குனா ராத்திரி பூரா இவரு ஒருத்தரேதான் ஓட்டணும்" என்றாள்.

நாங்கள் போட்ட எல்லாக் கணக்கையும் விடப் பெரிய கணக்கு அது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விழுப்புரம் தாண்டியதும் கண் சொருகும் நேரம். குதிரை எத்தனை என்பதைவிட, சாரதி எத்தனை பேர் என்பதுதான் அங்கே உயிர் காக்கும். மேனுவலைவிட லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதல் என்றாலும் ஆட்டோமேட்டிக்கையே வாங்கினார்கள். டர்போவை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. வயது அப்படி. இப்போது விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை அவள் ஓட்டுகிறாள், அவன் தூங்குகிறான்.

கார் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வாத்தியார் தரும் வீட்டுப்பாடம் இதுதான். குதிரைத்திறனைக் கேளுங்கள், தப்பில்லை. அது எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்றும் கேளுங்கள். வீட்டில் இன்னொருவர் ஓட்டக்கூடிய கியர்பாக்ஸா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை டயரில் காற்றையும் பட்டனையும் பாருங்கள். ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து தார்ச்சாலையில் படிந்திருக்கும்போது, 79 மீட்டரையும் 28 மீட்டரையும் மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.