கொம்பைலர் மாறினால் பழைய புரோகிராம் என்னாகும்?

"போன வருஷம் ஓடின புரோகிராம் இப்ப பிழை காட்டுது சேர், லினக்ஸை அப்டேட் பண்ணினது பிழையா?" கம்பஸில் படிக்கும் நம்ம பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் மொழிக்கு மாற்றித் தருவது கொம்பைலர். 2024 மே மாதம் ஜிசிசி 14 வெளிவந்தது. சி மொழியில் முன்கூட்டி அறிவிக்காத சார்பை அழைத்தால் அதுவரை எச்சரிக்கை மட்டும்தான். இப்போது அது பிழை. சி மொழியின் 1999 நியமமே அந்தப் பழக்கத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் பழைய மென்பொருள்கள் பல இதில் தடுக்கி விழுந்தன.

டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் புதிய கொம்பைலரை எடுத்த எடுப்பில் எல்லோர் தலையிலும் கட்டுவதில்லை. தம்மிடமுள்ள பொதிகளை முதலில் அதைக் கொண்டு கட்டிப் பார்க்கிறார்கள். எது உடைகிறதோ அதைப் பராமரிப்பவருக்கு அறிவித்து, திருத்த அவகாசம் கொடுக்கிறார்கள். பழைய கொம்பைலரும் கொஞ்சக் காலம் பக்கத்திலேயே இருக்கும். 2015 இல் ஜிசிசி 5 சி++ நூலகத்தின் உள்ளமைப்பை மாற்றியபோது, பாதிக்கப்பட்ட நூலகப் பொதிகளின் பெயரோடு 'வி5' என்று சேர்த்தார்கள். பழையதும் புதியதும் தெரியாமல் கலந்துவிடக் கூடாதல்லவா?

ஆகவே பிள்ளைகளே, அப்டேட் பிழையில்லை. பிழைச் செய்தியை மறைக்க வழி தேடாமல் வாசியுங்கள். விடுபட்ட தலைப்புக் கோப்பைச் சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாற்றம் தேவைதான். அதை நம்பி இருப்பவர்களை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு மாற்றுவதுதான் பொறுப்பு.