சனத்தில பாசம் இல்லையோ?

"உனக்கு எங்கட சனத்தில பாசமே இல்லையோ?" இந்தக் கேள்விக்கு, "ஓம், இல்லை" எண்டு பதில் எழுதிய ஒருவரைப் பற்றித்தான் நாங்கள் கொஞ்ச நாளாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாஜி அதிகாரி ஐக்மன் மீது 1961இல் ஜெருசலேமில் நடந்த வழக்கைப் பற்றி ஹன்னா அரெண்ட் எழுதியது 1963இல் புத்தகமாக வந்தது. அதில், நாஜிகளுக்குப் பட்டியல் போட்டுக்கொடுத்த யூத சபைகளின் தலைவர்களையும் அவர் விடவில்லை. பழைய நண்பர் கெர்ஷோம் ஷோலெமுக்கு அது பொறுக்கவில்லை. யூத மறைஞான மரபை ஆராய்ந்தவர் அவர். 'அஹவத் இஸ்ராயேல்', அதாவது தன் சனத்தின் மீதான அன்பு, உங்களிடம் தென்படவில்லையே என்று அரெண்டுக்குக் கடிதம் எழுதினார்.

தான் எந்தச் சனத்தையும் நேசித்ததில்லை, நண்பர்களை மட்டுமே நேசிப்பதாக அரெண்ட் பதில் எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு கதையும் வரும். இஸ்ரேலிய அரசியல்வாதி ஒருவர், தான் சோசலிஸ்ட், கடவுளை நம்புவதில்லை, யூத மக்களை நம்புவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார். ஒருகாலத்தில் கடவுளை நம்பியதால் பெருமை பெற்ற சனம், இப்போது தன்னைத்தானே நம்புகிறது. இதில் என்ன நன்மை வரப்போகுது என்று அரெண்ட் திகைத்தார்.

எங்களை நிறுத்தியது இந்த இடம்தான். மதநம்பிக்கை பெரிதாக இல்லாத ஒரு அரசியல் சிந்தனையாளர் ஏன் இதற்குத் திகைக்க வேண்டும்? சனத்துக்கு மேலே ஒன்று இருக்கும்வரை, அதன் பேரால் சனத்தையும் அரசனையும் கேள்வி கேட்கலாம். சனமே கடவுளாகிவிட்டால் யார் கேட்பது? பாபிலோனிடம் சரணடையுங்கோ என்ற எரேமியாவைச் சேறு நிறைந்த குழிக்குள் இறக்கினார்கள். துரோகி எண்டுதான் பார்த்தார்கள். (அந்தச் சொல்லின் பாரம் எங்களுக்கும் தெரியும்.) ஆனால் அதே சனம்தான் பிறகு அவருடைய சொற்களை வேதமாகக் காத்து வைத்தது. லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்திலோ, அயலானைக் கண்டி என்ற கட்டளைக்கு அடுத்த வசனமே அவனை உன்னைப்போல நேசி என்பது. ஷோலெம் தூக்கிப்பிடித்த மரபுக்குள்ளேயே அரெண்டுக்கும் இடம் இருந்திருக்கு.

அதுக்காக அரெண்ட் சொன்னதெல்லாம் சரியெண்டு இல்லை. அந்தச் சபைகள் ஊருக்கு ஊர் எவ்வளவு வேறுபட்டவை என்பதை 1972இல் வந்த ஐசாயா ட்ரங்கின் ஆய்வு காட்டியது. சாவுக்கு நடுவில் நின்று முடிவெடுத்தவர்களைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும். அரெண்டின் கை நடுங்கவில்லை. ஷோலெமுக்கு வலித்ததும் பெரும்பாலும் அந்தத் தொனிதான். எங்களில் இரண்டு பேர் இன்னும் ஷோலெமின் பக்கம்தான் நிற்கிறார்கள்.

கடிதங்கள் அச்சில் வந்தன. அந்த நட்பு பிறகு தேறவேயில்லை.