மெல்லிய படலமும் சிவப்பு மையும்

தமிழாசிரியராகிய நாம் பௌதிகவியலைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். இஃது ஒரு கடன் தீர்த்தலேயன்றி வேறன்று.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரையில், "அலுமினியத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் காவலி; எனினும் அதனூடே இலத்திரன் செல்லும்" என்றொரு வாக்கியம் இருந்தது. காவலியென்றபின் செல்லுமென்பது முரணெனக் கருதிச் சிவப்பு மையாற் கோடிட்டோம், புள்ளியையும் குறைத்தோம். அவன் மறுத்துரைத்திலன். மறுநாள் நூல்நிலையத்திலிருந்து எடுத்த பௌதிகவியல் நூலொன்றை எம் மேசைமீது வைத்துச் சென்றான். அந்நூலும், பௌதிகவியலாசிரியராகிய நண்பரும் எமக்கு உணர்த்தியவை இவை:

அலுமினியம் காற்றிற் பட்டவுடன் ஒட்சிசனோடு கூடித் தன்மேல் ஒரு படலத்தைப் போர்த்துக்கொள்ளும். அதன் தடிப்புச் சில நனோமீற்றர் மட்டுமே. ஒரு நனோமீற்றராவது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தடித்த ஒட்சைட்டு மின்னைத் தடுக்கும். படலம் மிக மெல்லியதாயின், இலத்திரன் அலையியல்பும் உடையதாகலின், தடையின்மேல் ஏறாமலே அதனை ஊடுருவி அப்பாற் செல்லும். 1960 இல் ஐவர் கியேவர் அலுமினியப் படலத்தை ஒட்சியேற்றி, அதன்மேல் ஈயத்தைப் படியச்செய்து, கடுங்குளிரில் இவ்வோட்டத்தை அளந்தார். மீகடத்தியாக மாறிய ஈயத்தின் சத்தி இடைவெளி அதனாற் புலனாயிற்று. 1973 இல் நோபல் பரிசிலும் அவர் பங்கு பெற்றார்.

இன்னுமொரு புதுமை உண்டு. வெள்ளியின்மேல் ஒருசில அணுப்படையளவே வளர்த்த மகனீசியம் ஒட்சைட்டில் பொன்னணு ஒன்று தங்கின், கீழுள்ள வெள்ளியிலிருந்து இலத்திரன் படலத்தைக் கடந்துவந்து அப்பொன்னணுவை மறையேற்றம் பெறச்செய்யும். தடித்த படலத்தில் இது நிகழாது. பொருள் ஒன்றே, தடிப்பே வேறு.

மாணவனை வகுப்பில் அழைத்துக் குறைத்த புள்ளியை மீட்டளித்தோம். பிழை எம்முடையதென்றும் யாவருமறியக் கூறினோம். ஆயினும் ஒன்று எம்மை உறுத்துகின்றது. எமது ஆசிரியப் பணிக்காலத்தில் இச்சிவப்பு மை இவ்வாறு அடித்த உண்மைகள் எத்தனையோ? அவற்றை எழுதியோர் நூல் கொணர்ந்து வைத்திலர், வாளாவிருந்தனர். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் அவர்களும் இருத்தல் கூடும். அன்னார் எம்மைப் பொறுத்தருள்வாராக.

இன்று பயிலும் மாணவர்க்கு ஒரு சொல்: ஆசிரியர் கோடிட்டதனால் மெய் பொய்யாகிவிடாது. சான்றோடு வாருங்கள், எம் மேசையில் நூலொன்று வைக்க எப்பொழுதும் இடமுண்டு.